எனக்க கார்டுல ஒனக்க நம்பர்

மக்கா,

நான் சாகல. எனக்குச் சீக்கும் இல்ல. வியாபாரத்த நிறுத்தவும் இல்ல. இத முதல்ல எழுதிப் போட்டிரணும்னு தோணிச்சு. ஏன்னா ஒனக்க புண்ணியத்துல கேரளாவுல எனக்குத் தெரிஞ்ச பாதிப்பேரு, பாவம் அவளுக்கு ஒடம்புக்கு முடியல, இனி எழும்ப மாட்டான்னு நம்பிட்டு இருக்காவ. ஒனக்க அம்மை நான் இப்ப, நாகர்கோவில்ல ஏறின ரயில்ல, லேடீஸ் பெட்டியில, மடியில சாம்பிள் பைய வச்சுகிட்டு உக்காந்திருக்கேன். கோழிக்கோட்டுக்குப் போறேன். எழுத்து கோணலா இருந்தா அது ரயிலுக்க குத்தம். எனக்க கை நல்லாத்தான் இருக்கு.

போன்ல பேசியிருக்கலாமேன்னு கேப்பே. போன்ல பேசினா நீ ரெண்டு நிமிசத்துல என்னைய அடக்கிருவே. ஒனக்கு அந்தத் தெறமை உண்டு. "சரிம்மா, சரிம்மா, விடும்மா"ன்னு சொல்லிச் சொல்லியே எனக்க கோவத்த நீ முடிச்சு வச்சிருவே. அப்புறம் போன வச்சிட்டு, எதுக்குக் கோவப்பட்டோம்னு நான் யோசிச்சிட்டு இருப்பேன். இந்தத் தடவ அது நடக்காது. இந்தப் பக்கங்கள போட்டோ எடுத்து வாட்சப்புல ஒனக்கு அனுப்புவேன். எங்க சங்கத்துப் பொம்பளைங்க குரூப்புலயும் போடுவேன். மானம் போவுதேன்னு நினைப்பே. போவட்டும். எங்க குரூப்புல சோப்பு செய்யுறவ, தேங்காத் தும்பு மெத்த செய்யுறவ, பலாச்சக்க வத்தல் போடுறவ எல்லாரும் இருக்காளுவ. அதுல முக்காவாசிப் பேருக்க கார்டுலயும் புருசன் நம்பரு, இல்லேன்னா மகன் நம்பரு. அவளுவளும் வாசிக்கட்டும், அவளுவளுக்க மகன்மாரும் வாசிக்கட்டும்.

குரூப்புல புதுசா சேந்தவளுவளுக்காக ஒரு வார்த்த. கடியப்பட்டணத்துல நான் சூரை மீன் ஊறுகாய் போடுறேன். காஞ்ச இறால்ல சம்மந்திப்பொடி இடிக்கிறேன். நெத்தோலிக் கருவாட்ட வறுத்துப் பொட்டலம் போடுறேன். நாலு பொம்பளைங்க எங்கூட வேலை செய்யுறாவ. பாட்டில் மேல ஒட்டியிருக்கிறது எனக்க மகனுக்க பேரு. எல்லாரும் அப்பிடித்தானே வைக்கிறோம், பிள்ளைக்க பேர வச்சா வெளங்கும்னு. பேரு ஒனக்கதுன்னதும் சரக்கும் ஒனக்கது, அம்மையும் ஒனக்கதுன்னு நீ நினைச்சிட்டே போல.

நான் ஊர் ஊராப் போய் வித்தது ஒனக்குத் தெரியும். எப்பிடிப் போனேன்னு தெரியுமான்னா, தெரியாது. நீ கேட்டதில்ல. முதல் தடவ கோயம்புத்தூர் கண்காட்சிக்குப் போனப்போ லாட்ஜ்ல உக்காந்திருந்தவன் என்னையப் பாத்தான், எனக்குப் பின்னால பாத்தான். "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலைங்களா?"ன்னான். இல்லேன்னேன். "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லைங்க"ன்னான். "நான் என்ன ஒனக்க லாட்ஜத் தூக்கிட்டா போயிருவேன்?"னு கேட்டேன். அவன் சிரிக்கல. பெட்டியத் தூக்கிட்டு இன்னும் ரெண்டு லாட்ஜ் ஏறி இறங்கிட்டு, கடைசியில ஒரு கன்னியர் மடத்துல போய்க் கதவத் தட்டினேன். கதவத் திறந்த சிஸ்டர் மூக்க சுளிச்சிட்டு, "கருவாடா?"ன்னு கேட்டாவ. "ஆமா சிஸ்டர்." "நீங்க உள்ள வாங்க. பெட்டி வெளிய இருக்கட்டும்." "வெளிய பூனை நிக்கி சிஸ்டர்"னேன். அவிய பூனையப் பாத்தாவ, என்னையப் பாத்தாவ, பெட்டியும் உள்ள வந்திச்சு. அதுக்கப்புறம் எத்தன ஊரு, எத்தன பஸ்ஸு! கருவாட்டு வாசத்துக்கு ஆளு எழும்பி வேற சீட்டுக்குப் போவும். நான் கத்துகிட்டேன். மூணு கவர் போட்டு, நடுவுல காப்பிப்பொடி தூவிக் கெட்டினா வாசம் வெளிய வராது. இத எனக்கு யாரும் சொல்லித் தரல. பஸ்ஸுல ஆளு எழும்பி எழும்பிப் போனதுதான் சொல்லித் தந்துது.

நீ ஒரு தடவ லீவுக்கு வந்தப்போ லேப்டாப்பத் தொறந்து வச்சு, தொழில்ல நெட்வொர்க்கிங் எப்பிடிச் செய்யணும்னு எனக்கு வகுப்பு எடுத்தே. வட்டமெல்லாம் வரைஞ்சு காட்டினே. நானும் தலைய ஆட்டினேன். லேய், எனக்குத் தெரிஞ்ச நெட்வொர்க்கிங் எது தெரியுமா? பக்கத்து ஸ்டால்காரிகிட்ட, "ஏட்டி, பாத்ரூம் போயிட்டு வாறேன், கடையக் கொஞ்சம் பாத்துக்கோ"ன்னு சொல்லுறதுலதான் அது தொடங்குது. மேடையில பேசுறவரு பேசிட்டுப் போயிருவாரு, அவருக்க பேச்ச யாரும் ஞாபகம் வச்சுக்கிறதில்ல. ஆனா நீ பாத்ரூம் போன நேரத்துல ஒனக்க சரக்க நாலு பாட்டில் வித்து வச்சவள சாவுற வரைக்கும் மறக்க மாட்டே. சாயா கியூவுல நிக்கும்போது எந்த ஊருல எந்த ரூம் பொம்பளைங்களுக்குப் பத்திரம்னு சொல்லுவாளுவ. எந்தக் கடைக்காரன் சரக்க எடுத்துட்டு காசுக்கு இழுத்தடிப்பான், எவன் கைகுடுக்கிற சாக்குல கைய விடமாட்டான், எல்லாம் அங்கதான் தெரியும். இதெல்லாம் ஒரு போன் நம்பர வச்சு, ஒரு முகத்த வச்சுத்தான் ஓடுது. நேர்ல போவணும். போயிட்டு வந்தா போன் வரணும். போன் வந்தா எடுக்கணும்.

திருச்சூர் வல்சம்மா சேச்சிய நான் பிடிச்சது அப்பிடித்தான். பலசரக்குக் கடை நாலஞ்சு வச்சிருக்கிற பொம்பள. அவளுக்க ஸ்டால் எனக்க பக்கத்துல. நான் பாத்ரூம் போயிட்டு வாறதுக்குள்ள எனக்க சம்மந்திப்பொடிய அவளே ரெண்டு ஸ்பூன் தின்னு பாத்துட்டு, கார்டு கேட்டு வாங்கி பர்ஸுக்குள்ள வச்சா. நீ அடிச்சுத் தந்த கார்டு.

அந்தக் கார்டு வந்த அன்னைக்கு எனக்கு என்ன சந்தோசம்! தடிச்ச பேப்பரு, ஓரத்துல நீலக் கலர்ல அலை மாதிரி ஒரு கோடு. எனக்க பேரு, அதுக்குக் கீழ உரிமையாளர்னு. அதுக்கும் கீழ ஒனக்க நம்பரு. "என்ன மக்கா, நம்பரு ஒனக்கதுல்லா?"ன்னு கேட்டேன். "அம்மா, கண்டவனும் கூப்பிடுவான். இங்கிலீசுல பேசுவான், இந்தியில பேசுவான். நீ என்னத்துக்குக் கஷ்டப்படணும்? எனக்கு வந்தா நான் ஒனக்குச் சொல்லுறேன்"னே. ஒனக்க அப்பாகிட்ட காட்டி, "பாத்தியளா, பையன் எனக்கு ஆபீஸ் வச்சுத் தந்திருக்கான்"னு சொன்னேன். மதுரையில குடுத்தேன், மெட்ராஸ்ல குடுத்தேன், கொச்சியில குடுத்தேன். பெட்டி காலியாவ காலியாவ நீயும் அச்சடிச்சு அனுப்பிட்டே இருந்தே.

ஒரு போன் வரல மக்கா. முதல்ல ஒண்ணு ரெண்டு ஆர்டர நீ சொன்னே, நான் அனுப்பினேன். பெறவு அதுவும் நின்னு போச்சு. கேட்டா, "மார்க்கெட் டல்லும்மா"ன்னே. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எனக்க கைப்பக்குவத்த சந்தேகப்பட்டேன். உப்பு கூடிப்போச்சோன்னு உப்பக் கொறைச்சேன். மலையாளத்தாருக்கு எரிப்பு பிடிக்கலியோன்னு காந்தாரி மிளகாய நிறுத்தினேன். நல்லெண்ணைய மாத்தி வேற எண்ண ஊத்தினேன். இஞ்ச நம்ம ஊருல வாங்குறவ வந்து, "என்னக்கா, ஊறுகாய் முன்ன மாதிரி இல்லியே"ன்னு கேட்டா. அவகிட்டயும் எரிஞ்சு விழுந்தேன். கூட வேலை செய்யுற பிள்ளைங்கள ஏசினேன். இறால் நாறிப்போச்சுன்னு சொல்லி ஒரு பெட்டி நல்ல இறால கொண்டுபோய்க் கொட்டினேன். கொட்டிட்டு அடுக்களையில உக்காந்து அழுதேன். நல்ல சரக்க, நல்ல கைய, நானே கெட்டதுன்னு நினைச்சு அழுதேன். ஒனக்க பாக்கெட்டுக்குள்ள அந்த நேரமெல்லாம் எனக்கு வந்த போன் அடிச்சுகிட்டு இருந்திருக்கு.

போன மாசம் கொச்சியில சின்னத் தொழில் செய்யுற பொம்பளைங்களுக்குன்னு ஒரு கூட்டம் வச்சாவ. சாயா வாங்க நின்னேன். முன்னால நின்னவ திரும்பினா. வல்சம்மா சேச்சி. என்னையப் பாத்ததும் கைய நெஞ்சுல வச்சிட்டா. "எடீ, நினக்கு சுகமாயோ? கச்சவடம் நிர்த்தின்னு மோன் பறஞ்ஞல்லோ!"ன்னா. வியாபாரத்த நிறுத்திட்டேன்னு எனக்க மகன் சொன்னானாம். எனக்குச் சீக்குன்னு கேட்டு அவ கோயில்ல எனக்கு வேண்டி மெழுகுதிரி கொளுத்தினாளாம். நான் சிரிச்சேன். ஆளு மாறிப்போச்சு சேச்சின்னேன். அவ போன எடுத்து, நீ இங்கிலீசுல அனுப்பின மெசேஜக் காட்டினா. பக்கத்துல நின்ன ஒரு பிள்ளை தமிழ்ல வாசிச்சுச் சொன்னா. அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை, எங்களால் இனி பயணம் செய்ய இயலாது, தொழிலை நிறுத்திவிட்டோம், உங்கள் ஆதரவுக்கு நன்றி. நிறுத்திவிட்டோமாம்! யாருலே அந்த எங்களு? நீ எந்த மீன வெட்டினே? எந்தச் சட்டியக் கிண்டினே?

அவளுக்கு முன்னால ஒன்ன விட்டுக் குடுக்க எனக்கு மனசு வரல. ஏதோ தப்பா அனுப்பிட்டான் சேச்சின்னேன். சாயா சேலையில கொட்டிச்சு. அவ எனக்க கண்ணப் பாத்துட்டு, கர்ச்சீப்ப எடுத்து நீட்டினா. அப்புறம் சொன்னா: கோழிக்கோட்டுல அவளும் வேற சில கடைக்காரிகளும் சேந்து கல்ஃபுக்கு அனுப்புற சரக்கு தெரிஞ்செடுக்கப் போறாளுவளாம், நான் நேர்ல வந்து ருசி காட்டி, வெல பேசணுமாம். "மோனெ அயக்கேண்டா. நீ வா"ன்னா. மகன அனுப்பாதே, நீயே வான்னு.

வெளிய வந்து ஒனக்குத்தான் முதல்ல கூப்பிட்டேன். நீ ஒண்ணும் மறைக்கல, அதையும் சொல்லணும். "நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்"னே. யாருக்கு நல்லதுன்னு கேட்டேன். "ஒனக்கு வயசாவுதும்மா. தனியா அலையாண்டாம். எனக்க கல்யாணம் வேற வருது. ஷைனி வீட்டுல என்ன நினைப்பாவ? மாமியார் ஊர் ஊரா லாட்ஜ்ல தங்குறான்னா..." நீ முடிக்கல. நான் போன வச்சிட்டேன்.

லாட்ஜ். அந்த வார்த்தைய நீ சொன்ன தொனி இருக்கே, அது இன்னும் எனக்க காதுல கிடக்கு. நீ கம்பெனி வேலையா ஹைதராபாத்துக்குப் போய்த் தங்கினா அது ஹோட்டலு. காலையில சாப்பாட்டுத் தட்ட போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்புல போடுவே, நாங்க எல்லாரும் கையத் தூக்கி நல்லாருக்குன்னு காட்டணும். நான் தங்கினா அது லாட்ஜு. நீ சாயங்காலம் நாலு பேரோட நின்னு சாப்பிட்டா அது தொழிலு. நான் ஒரு கடைக்காரரோட நின்னு ஒரு சாயா குடிச்சா மானம் போச்சு. ஒனக்க படிப்புக்குக் கெட்டின ஒவ்வொரு பீஸும் அந்த லாட்ஜுல தங்கித்தான்லே வந்திச்சு. சொல்லிக் காட்டக்கூடாதுன்னு இருந்தேன். நீயே வாயப் பிடுங்கிட்டே.

இது இன்னைக்கு நேத்து உள்ளது இல்ல. நீ மெட்ராஸ்ல படிக்கும்போது, கண்காட்சிக்கு வந்த நான் ஒனக்க ஹாஸ்டலுக்கு வந்தேன், ஞாபகம் உண்டா? ஒனக்குப் பிடிக்கும்னு தனியா ஒரு பாட்டில் எடுத்திட்டு வந்தேன். கேட்டு வரைக்கும் எறங்கி வந்தே. வந்த உடனே, "அம்மா, அந்தப் பையக் கொஞ்சம் தள்ளி வையி"ன்னே. நான் தள்ளி வச்சேன். ஒனக்க கூட்டுகாரன் ஒருத்தன் அந்த வழியா வந்தான். இது யாருன்னு அவனும் கேக்கல, நீயும் சொல்லல. சின்னப் பிள்ளை, வெக்கம் இருக்கும்னு நான் விட்டிட்டேன். ஒனக்க அப்பாகிட்டகூட சொல்லல. வளந்தா மாறும்னு நினைச்சேன். நீ வளந்து, கார்டே அச்சடிச்சு, என்னைய மொத்தமாத் தள்ளி வச்சிட்டே.

ஒனக்க அப்பாவப் பாத்தாவது கத்துக்கோ. அவரு ஆழ்கடலுக்குப் போனா பத்துப் பதினஞ்சு நாளு தகவலே இருக்காது. கூட யாரு போறா, எங்க தங்குவாருன்னு ஊருல யாரும் வாயத் தொறந்ததில்ல. அவரும் நான் பொறப்படும்போது அப்பிடிக் கேட்டதில்ல. இப்ப முட்டு வலியில வீட்டோட இருக்காரு, இன்னைக்குக் காலையில நான் பையோட எறங்கும்போது வாசல்ல இருந்துகிட்டு, "ஏட்டி, ஐஸ் போட்டாச்சா?"ன்னாரு. மீன்பிடி போட்டுக்குப் போறவன்கிட்ட கேக்குற கேள்வி. "ஊறுகாய்க்கு எதுக்கு ஐஸு?"ன்னேன். "கேட்டு வச்சேன்"னாரு. ஒரு ஆளு தொழிலுக்குப் போவும்போது, சாமான் எல்லாம் சரியா இருக்கான்னு கேக்கணும். அத மட்டும் கேட்டாப் போதும். யாரு கூடப் போற, எப்ப வருவே, எதுக்குப் போற, இந்தக் கேள்வியெல்லாம் போறவளுக்க கால்ல கெட்டுற கல்லு.

இனி டிக்கெட்டுக்கு வாறேன். கோழிக்கோட்டுக்கு டிக்கெட் எடுத்துத் தான்னு ஒங்கிட்டத்தான் கேட்டேன், எல்லாம் ஒனக்க போன்லதானே இருக்கு. எடுத்துத் தந்தே. அப்புறம் கல்யாணச் சேலை எடுக்க அதே நாளக் குறிச்சே. நாள மாத்துன்னு சொன்னேன். முடியாதுன்னே. நீ சேலை எடு, நான் கோழிக்கோடு போறேன்னு சொன்னேன். நீ ஒண்ணும் பேசல. சம்மதிச்சிட்டான்னு நினைச்சேன். நேத்து டிக்கெட்ட பிரிண்ட் எடுக்க மணவாளக்குறிச்சியில கம்ப்யூட்டர் கடைக்குப் போனா, அந்தப் பிள்ளை பாத்துட்டு, "அம்மா, இது கேன்சல் ஆயிருக்கே"ன்னா. கேன்சல் பண்ணினது யாருன்னு நான் அவகிட்ட கேக்கல. எனக்கே தெரியும். பெங்களூர்ல உக்காந்துகிட்டு, ஒரு விரல வச்சு, பெத்தவள ரயில்ல இருந்து எறக்கி விட்டிட்டே.

அங்க இருந்து நான் வீட்டுக்குப் போவல. பஸ் ஏறி நேரா மார்த்தாண்டம் போனேன். ஷைனிக்க தையல் கடைக்கு. சேலை எடுக்க நான் வரமாட்டேன்னு கட்டப்போறவகிட்ட நானே சொல்லணும்லா, இல்லேன்னா அதுக்கும் நீ ஒரு சீக்க சொல்லிருவே. நான் முன்னால அவ கடைக்குள்ள போனதில்ல. உள்ள வெள்ள வெளேர்னு புதுநன்மை உடுப்பா தொங்குது. கோயில்ல முதல் நன்மை வாங்குற சின்னப் பிள்ளைங்களுக்கு எத்தன விதமா, எத்தன அழகாத் தைக்கிறா தெரியுமா? நீ ஒரு நாளாவது அத எடுத்துப் பாத்திருக்கியா? "வாருங்க மாமி"ன்னு ஸ்டூல இழுத்துப் போட்டா. ஒனக்க மேல ஆத்திரம் இருந்தாலும், அவகிட்ட உள்ளதச் சொன்னேன். கூட்டியும் சொல்லல, கொறைச்சும் சொல்லல. சொல்லச் சொல்ல அவ மெஷின நிறுத்திட்டா. நான் உப்பக் கொறைச்ச கதையச் சொன்னப்போ எழும்பி, மேசைக்குள்ள இருந்து ஒரு கார்ட எடுத்து எனக்க கையில தந்தா.

அதே தடிச்ச பேப்பரு. ஓரத்துல இதுல ரோஸ் கலர் கோடு. அவளுக்க பேரு, அதுக்குக் கீழ நம்பரு. அந்த நம்பர எனக்கு வாசிக்க வேண்டியதில்ல, மனப்பாடம்.

"நிச்சயம் முடிஞ்ச ஒடனே அவிய அடிச்சு அனுப்பித் தந்தாவ மாமி. கண்ட ஆளும் கூப்பிடாண்டாம், நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னாவ. நானும் மடம் மடமா, ஸ்கூல் ஸ்கூலா ஏறி எறங்கிக் குடுத்தேன். ஒருத்தரும் கூப்பிடல. எனக்க தையல்தான் கொள்ளாதுன்னு நினைச்சேன்"னா.

அதக் கேட்டப்போதான் எனக்குக் கோவம் தலைக்கு ஏறிச்சு. எனக்குச் செஞ்சத அம்மைங்கிற பாசத்துல நான் ஒரு வேள முழுங்கியிருப்பேன். அம்மைமாரு அப்பிடி நெறைய முழுங்குறவளுவதான். ஆனா எவளோ பெத்து, படிக்க வச்சு, தொழிலும் கத்துக் குடுத்த ஒரு பிள்ளைய, எனக்க வீட்டுக்குள்ள கால் வைக்கும் முன்னாலயே, தன் கை விரல சந்தேகப்பட வச்சிட்டியே! அவளுக்கு யாராவது கூப்பிட்டாவளா, கூப்பிட்டவங்களுக்கு நீ என்ன சீக்கு சொன்னே, எனக்குத் தெரியாது. ஒனக்குத்தான் தெரியும்.

அவ மிச்சக் கார்டுக்கட்டையும் எடுத்து மேசை மேல வச்சா. பெறவு கேட்டா: "மாமி, நாளைக்கு நானும் வரட்டா? கோழிக்கோட்டுல லேஸ் மொத்தமா விக்கிற கடை உண்டு. நான் போனதே இல்ல. அவியகிட்ட கேட்டா, கல்யாணத்துக்குப் பெறவு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவாவ." "ஒனக்க வீட்டுல விடுவாவளா?"ன்னேன். "மாமி கூடன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாவ"ன்னா. அதுவும் எனக்குக் கோவம்தான். அவ தொழிலுக்கு அவ போவ, நான் ஒரு காவல்காரியா நிக்கணும். இந்த ஒரு தடவைக்கு நிக்கிறேன். அடுத்த தடவ அவ தனியாப் போவா, அப்ப அவகிட்ட ஐஸ் போட்டாச்சான்னு கேக்குறவன் வேணும்.

அதனால, இன்னைக்குச் சேலை எடுக்க வேண்டிய ஷைனி இப்ப எனக்க எதுத்தாப்புல இருக்கா. ரிசர்வேசன் இல்ல, கிடைச்ச எடத்துல இடிச்சுப் பிடிச்சு உக்காந்திருக்கோம். குழித்துறை தாண்டினதும் அவ ஒரு பேனா எடுத்தா, நானும் ஒரு பேனா எடுத்தேன். ரெண்டு பேரும் கார்டுக்கட்டப் பிரிச்சு, ஒவ்வொரு கார்டுலயும் ஒனக்க நம்பர வெட்டிட்டு எங்க நம்பர எழுதினோம். பக்கத்துல இருந்த ஒரு அக்கா, "அச்சுப்பிழையா?"ன்னு கேட்டா. ஷைனி ஆமான்னா. தடிச்ச பேப்பரு, பேனா நல்லாப் பிடிக்கி. அதுக்கு மட்டும் ஒனக்கு நன்றி.

இனி நீ செய்ய வேண்டியது. ஒனக்க போன்ல எனக்கு வந்த காலெல்லாம் கிடக்கும். ஒவ்வொருத்தரையும் நீயே கூப்பிடணும். மெசேஜ் அனுப்பாதே, வாயத் தொறந்து பேசணும். எனக்க அம்மைக்கு ஒரு சீக்கும் இல்ல, நான் சொன்னது பொய்யி, இதுதான் அவளுக்க நம்பருன்னு சொல்லணும். ஏன் பொய் சொன்னேன்னு கேட்டா, என்ன சொல்லணுமோ அது ஒனக்க பாடு. ஷைனிக்கு வந்த காலுக்கும் அதே மாதிரி. நான் மன்னிச்சிட்டேன்னு எழுதுவேன்னு கடைசி வரைக்கும் தேடாதே. எழுத மாட்டேன். கோவம் இன்னும் அப்பிடியே இருக்கு. நீ எனக்க பிள்ளைங்கிறதும் அப்பிடியேதான் இருக்கு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னுராது.

போன ஞாயித்துக்கிழமை ரெண்டு ஊர்க் கோயில்லயும் ஒங்க கல்யாண அறிவிப்புக்க முதல் ஓலைய வாசிச்சாவ. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு சாமியாரு கேட்டப்போ நானும் மத்தவங்களோட சேந்து சும்மாத்தான் நின்னேன். அப்ப எனக்கு இந்த ரோஸ் கோட்டுக் கார்டு தெரியாது. வாற ஞாயிறு ரெண்டாவது ஓலை. அத வாசிக்கணுமா வேண்டாமான்னு சாமியார்கிட்ட என்ன சொல்லப்போறேன்னு ஷைனி எங்கிட்ட சொல்லல. நான் கேக்கவும் இல்ல. இந்தக் கடிதத்த இது வரைக்கும் அவ வாசிச்சா. வாசிச்சிட்டு எனக்கே திருப்பித் தந்துட்டு, ஜன்னல் வழியா வெளிய பாத்துகிட்டு இருக்கா. நாளைக்கு ஒனக்குக் கூப்பிடுவேன்னு மட்டும் சொன்னா.

எடு. அவகிட்ட நீயே பேசு. அவ என்ன சொன்னாலும், ஒடனே எனக்குக் கூப்பிட்டு, "அம்மா, நீ அவகிட்ட கொஞ்சம் சொல்லும்மா"ன்னு வராதே. கூப்பிட்டாலும் நான் எடுக்க மாட்டேன். நாளைக்கு முழுக்க எனக்கு மீட்டிங் இருக்கு.

அம்மா